ஒரு ஏக்கர் வெயிலின் விலை

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் திருவரங்குளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வம்பன் நால்ரோடு. திருவரங்குளத்தைப் பலருக்கும் அரங்குளநாதர் கோயிலால் தெரியும். வம்பனை உழவர்களுக்குப் பயறால் தெரியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 என்று விதை மூட்டையில் அச்சாகி வரும் உளுந்து ரகங்களுக்கு அதுவே பிறந்த மண். சுற்றிலும் செம்மண். கோடை மதியத்தில் அந்த மண்ணில் வெறுங்காலை ஊன்ற முடியாது.

அந்த வெயிலுக்கு ஒதுங்கத்தான் நமக்குத் தெரியும். அதன் விலையை யாரும் கேட்டதில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு நாள் சூரியன் வரவில்லை, அன்றைக்குப் பயிருக்கு வேண்டிய ஒளி முழுவதையும் கரண்ட்டில்தான் கொடுத்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கருக்கு என்ன செலவாகும்?

இந்தப் பகுதியில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளில் விழும் வெயிலின் ஆற்றல், ஆண்டுச் சராசரியாக, ஏறத்தாழ ஐந்தரை யூனிட். நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். ஆனால் செடி இதை யூனிட்டாக வாங்குவதில்லை, துகள் துகளாக எண்ணி வாங்குகிறது. ஒளி என்பது போட்டான் என்னும் துகள்களின் மழை. இலையிலிருக்கும் பச்சையம் ஒரு துகளை விழுங்கினால் அது ஒரு வேலை. காற்றிலிருந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடித்துச் சர்க்கரையோடு சேர்க்க எட்டிலிருந்து பத்துத் துகள்கள் வேண்டும். துகள்களை ஒவ்வொன்றாக எண்ணி மாளாது என்பதால் விஞ்ஞானிகள் மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். மூட்டையின் பெயர் மோல். ஒரு மூட்டையில் இருப்பவை, 6 எழுதிப் பின்னால் 23 சுழி போட்டால் வருகிற அத்தனை துகள்கள். திருவரங்குளத்து வெயிலில் இலைக்குப் பயன்படும் நிறங்களை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 மூட்டை இறங்குகிறது.

இன்று பயிருக்கென்றே செய்யப்படும் நல்ல எல்இடி விளக்கு, ஒரு யூனிட் கரண்ட்டுக்குப் பத்தே முக்கால் மூட்டை கொடுக்கும். அப்படியானால் சதுர மீட்டருக்கு 3.7 யூனிட். ஒரு சென்ட் நிலத்துக்கு 150 யூனிட். ஒரு ஏக்கருக்கு 15,000 யூனிட். கணக்குக்காக யூனிட்டுக்கு 8 ரூபாய் போடுவோம். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.

ஒரு நாளைக்கு! ஒரு ஏக்கருக்கு!

இந்த எண் வந்து நின்றபோது நான் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதேதான் வந்தது. 2016இல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்ததே, அந்த நூறையும் அந்த இரண்டு மாதமும் வெயில் செய்யக் கொடுத்தால் ஒரு பாயில் கால்வாசி இடத்துக்குத்தான் போதும். மானாவாரியாக உளுந்து விதைத்துவிட்டு மழைக்கு வானம் பார்க்கிற ஒரு சிறு விவசாயியின் ஒரு ஏக்கரில், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், சராசரியாகத் தினமும் லட்ச ரூபாய்க்கு மேல் பெறுமான ஒளி கொட்டிக்கொண்டே இருக்கிறது.

வீட்டுக்குள் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, எந்த விளக்கு மலிவு என்பது. அதற்கும் பதில் இந்த மூட்டைக் கணக்கில்தான் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பக்கூடாது. அது விளக்கு தின்னும் கரண்ட். லூமெனையும் நம்பக்கூடாது, அது மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு. நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் பளிச்சென்று தெரியும், ஆழ்ந்த சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். இலைக்கோ சிவப்புதான் முதல்தரச் சாப்பாடு. கண்ணுக்கு மங்கலாக இருக்கும் ஒரு சிவப்பு விளக்கு, பக்கத்தில் பளீரென்று எரியும் வெள்ளை விளக்கைவிட இலைக்கு அதிகமாகப் போடலாம்.

நம் கண் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். டியூப்லைட் போட்ட கூடம் நமக்கு வெளிச்சமாகத்தான் இருக்கிறது, பேப்பர் படிக்கிறோம். வெளியே உச்சி வெயிலோடு ஒப்பிட்டால் அந்தக் கூடத்தில் இருப்பது ஐந்நூறில் ஒரு பங்கு, சில வீடுகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணின் பாவை விரிந்து சுருங்கியும், விழித்திரை பழகிக்கொண்டும் அந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகின்றன. இலைக்கு அப்படிச் சுருக்கி விரிக்க எதுவும் இல்லை. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் இலையும் மூச்சுவிடுகிறது, சேர்த்த சர்க்கரையை எரிக்கிறது. கூடத்து மூலையில் வைத்த துளசிக்குக் கிடைக்கிற ஒளி வட்டிக்கே காணாது. முதலைத் தின்று, மெலிந்து, ஒரு மாதத்தில் இலை உதிர்த்துவிடும். தண்ணீர் ஊற்றியவர் தன் கைராசியை நொந்துகொள்வார். துளசிக்கு நேர்ந்தது பட்டினி, அவ்வளவுதான்.

ஒரு சென்ட் நிலத்துக்கு ஒரு நாள் வெயில் செய்ய, பழைய குண்டு பல்பு என்றால் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கரண்ட் ஆகும். குண்டு பல்பு அடிப்படையில் ஒரு சூட்டடுப்பு. அதில் வரும் வெளிச்சம் சூட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருவது. டியூப்லைட் நாலாயிரத்துச் சொச்சம். வீட்டில் மாட்டுகிற சாதாரண வெள்ளை எல்இடி இரண்டாயிரத்து ஐந்நூறு. பயிருக்கான எல்இடி ஆயிரத்து இருநூறு. முதலுக்கும் கடைசிக்கும் பத்து மடங்கு வித்தியாசம். வாங்குகிற விலையில் பயிர் விளக்கு வீட்டு எல்இடியைவிடப் பல மடங்கு கூடுதல். ஆனால் நாளுக்குப் பதினாறு மணி நேரம் எரிகிற விளக்குக்கு, வாங்கிய விலையைக் கரண்ட் பில் வெகு சீக்கிரம் தாண்டிவிடும். ஆயுளையும் பாருங்கள். குண்டு பல்பு ஆயிரம் மணி நேரம், அதாவது இரண்டு மாதம். நல்ல எல்இடி ஐம்பதாயிரம் மணி நேரம், அதாவது எட்டரை ஆண்டு.

நாற்றுத்தட்டு ஒன்றை மழைக்காலத்தில் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால், இருக்கிற வீட்டு எல்இடியே போதும் என்பது என் எண்ணம். தட்டுக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, சுற்றி வெள்ளை அட்டை வைத்தால், தரையிலும் சுவரிலும் சிந்துகிற ஒளி தட்டுக்குத் திரும்பும். 2015இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு எல்இடி பல்பின் விலை இறங்கிய வேகம் நமக்கு நினைவிருக்கும். அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கிய விலை 2014இல் ஒரு பல்புக்கு 310 ரூபாய். 2016இல் 38 ரூபாய். நீல எல்இடியைச் செய்து காட்டிய மூன்று ஜப்பானிய அறிஞர்கள் அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகியோருக்கு நோபல் பரிசு வந்ததும் 2014இல்தான். நீலம் கிடைத்திராவிட்டால் வெள்ளை எல்இடி இல்லை, பயிர் விளக்கும் அரைகுறைதான்.

இந்த ஆசை எல்இடியோடு பிறந்ததல்ல. 1880இல் இங்கிலாந்தில் வில்லியம் சீமென்ஸ் தன் தோட்டத்தில் எந்திரம் ஒன்றை ஓட்டி, அதில் கரண்ட் எடுத்து, வில் விளக்கை எரியவைத்துச் செடிகளுக்கு இரவிலும் பகல் கொடுத்துப் பார்த்தார். செடிகள் வளர்ந்தன. அன்றைக்கே அவர் செலவையும் யோசித்தார். எந்திரத்தை ஓட்டுகிற ஆற்றல் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் லாபம் நிற்கிறது, அருவி போல இயற்கையாகவே ஆற்றல் கிடைக்கிற இடத்தில் இது கட்டுபடியாகும் என்று எழுதிவைத்தார். அப்போதைய விளக்கு இப்போது இல்லை. அவர் எழுதியது மட்டும் அப்படியே செல்லுபடியாகிறது.

விளக்குகள் இன்னும் மலிந்துகொண்டே போகாதா என்று கேட்கத் தோன்றும். இங்கே இயற்கை ஒரு கோடு போட்டிருக்கிறது. ஆழ்ந்த சிவப்பு ஒளித்துகள் ஒன்றைச் செய்ய இவ்வளவு ஆற்றல் தேவை என்பது பேரம் பேச முடியாத விலை. ஒரு பொட்டுகூடச் சூடாக வீணாகாத விளக்கு என்று ஒன்று இருந்தாலும், ஒரு யூனிட்டுக்கு அது இருபது மூட்டைச் சிவப்பு ஒளிக்கு மேல் கொடுக்க முடியாது. நாம் ஏற்கெனவே பதினொன்றுக்கு வந்துவிட்டோம். குண்டு பல்பிலிருந்து எல்இடிக்கு வந்தபோது கிடைத்த பத்து மடங்கு லாபம் இனி ஒருபோதும் வராது. மீதம் இருப்பது இரண்டு மடங்குக்கும் குறைவு.

அதோடு அறைக்குள் விளக்கு எரிந்தால் சூடு. விளக்கு தின்ற கரண்ட்டில் மிகமிகச் சிறிய பங்குதான் செடியின் உடலாகிறது. மிச்சமெல்லாம் கடைசியில் அறையின் சூடுதான். நெதர்லாந்தின் குளிரில் அந்தச் சூடு உபயோகம். புதுக்கோட்டையில் அதை வெளியேற்ற ஏசி போட வேண்டும். விளக்குக்கு மூன்று யூனிட் என்றால் ஏசிக்கு ஒரு யூனிட் என்று பில் ஏறும்.

சோலார் போட்டால் கரண்ட் இலவசந்தானே என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. மேலே சொன்ன 15,000 யூனிட்டைத் தினமும் எடுக்கச் சுமார் நாலு ஏக்கர் பரப்பளவுக்குச் சோலார் தகடு வேண்டும். நாலு ஏக்கர் வெயிலைப் பிடித்து, கரண்டாக்கி, விளக்குக்குக் கொடுத்து, ஒரு ஏக்கர் வெயில் செய்கிறோம். அந்த நாலு ஏக்கருக்கும் கீழே நிழல்.

சரி, உளுந்துக்கே போய்விடுவோம். எழுபது நாள் பயிர். வெட்டவெளியில் விழும் 40 மூட்டையும் வேண்டாம், அறைக்குள் பாதி போதும் என்று சிக்கனமாகவே வைப்போம். எழுபது நாளில் ஒரு சதுர மீட்டருக்கு 1,400 மூட்டை, 130 யூனிட், ஆயிரம் ரூபாயைத் தாண்டும். வயலில் நல்ல விளைச்சல் என்றால் அந்த இடத்தில் நூறு கிராம் உளுந்து வரும். அறைக்குள் பூச்சியும் மஞ்சள் தேமல் நோயும் இல்லாமல் அதைப்போல் இருமடங்கு, இருநூறு கிராம் என்றே கொடுப்போம். கிலோவுக்கு ஐயாயிரம் ரூபாய். கரண்ட் மட்டும். தோசைக்கு ஊறப்போடுகிற உளுந்தின் கிலோ விலை ஐயாயிரம்!

கீரையைப் போட்டால் கதையே வேறு. முளைக்கீரை இருபத்தைந்து நாளில் பறித்துவிடலாம், நாளுக்குப் பன்னிரண்டு மூட்டை ஒளி போதும். சதுர மீட்டருக்கு 28 யூனிட், 220 ரூபாய்ச் சொச்சம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு கிலோ கீரை. கிலோவுக்கு நூற்றுப்பத்து ரூபாய். சந்தையை விட அதிகம்தான், ஆனால் கைக்கு எட்டுகிற தூரம். உளுந்தும் கீரையும் ஒரே ஒளியைத்தான் தின்கின்றன. விலையில் மட்டும் ஏன் இந்த நாற்பது, ஐம்பது மடங்கு?

கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தண்டும் இலையுமாக முளைத்ததெல்லாம் சட்டிக்குப் போகிறது. உளுந்தில் வேர், தண்டு, இலை, நெற்றுத்தோல் எல்லாம் வயலில் கிடக்க, காய்ந்த மணியை மட்டும் எடுக்கிறோம். அந்த மணியிலும் ஏறத்தாழ கால்பங்கு புரதம். ஒரு கிராம் மாவுச்சத்து செய்யச் செடிக்கு ஒன்றேகால் கிராம் சர்க்கரை போதும். ஒரு கிராம் புரதம் செய்ய இரண்டு கிராமுக்கு மேல் வேண்டும். புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்தை வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துத் தருகிறது, ஆனால் சும்மா தருவதில்லை. இலை செய்த சர்க்கரையைக் கூலியாக வாங்கிக்கொண்டுதான் தருகிறது. நாம் சாப்பிடும் ஒவ்வொரு உளுந்தும் வெயிலைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக்கிய பொருள்.

உலகம் முழுக்க அடுக்கடுக்காக விளக்குப் போட்டு வளர்க்கும் உள்ளரங்குப் பண்ணைகள் பெரும்பாலும் கீரை வகைகளையே பிடித்துக்கொண்டு தொங்குவதும் இதனால்தான். அவர்களுக்கும் அது எளிதாக இல்லை. அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. நியூயார்க்கிலிருந்து நடந்த பவரி ஃபார்மிங் 2024இல் கதவைச் சாத்தியது. கோடிக்கணக்கான டாலர் முதலீடும் தேர்ந்த பொறியாளர்களும் இருந்தும், பக்கத்து ஊர் வயலில் சும்மா விழுகிற ஒளியோடு விலைப்போட்டி போடுவது அவ்வளவு கஷ்டம்.

கரண்ட்டை நம்பிய பயிருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கம்பங்கள் விழுந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அன்றைக்கு இங்கே ஒரு விளக்குப் பண்ணை இருந்திருந்தால், புயலில் தப்பியதுகூட இருட்டில் செத்திருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் செலவு, மேலும் செலவு. ஆனால் ஒரு ரூபாய்கூட ஒளிக்குச் செலவழிக்காமல் அறைக்குள் பயிர் வளர்க்கிற ஒரு பழக்கம் இதே மண்ணில் இருக்கிறது: முளைப்பாரி.

அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும், மண்ணும் எருவும் இட்ட சட்டியில் பயறும் தானியமும் விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, நாள்தோறும் தண்ணீர் தெளித்து, பெண்கள் கும்மியடித்து வளர்க்கிறார்கள். ஒரு வாரம், ஒன்பது நாள். வெளியே எடுக்கும்போது முளைகள் நெருக்கமாக, நெடுநெடுவென்று, மஞ்சளாக நிற்கும். ஒளியே இல்லாமல் எப்படி வளர்ந்தது? விதைப்பருப்பில் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு இருக்கிறது. முளை அதைத் தின்று வளர்கிறது. அது முந்தைய பட்டத்து வெயில்தான். விதைக்குள் அடைபட்டு வந்திருக்கிறது.

ஆனால் அது ஏன் நெடுநெடுவென்று வளர்கிறது, ஏன் மஞ்சளாகவே இருக்கிறது என்று கேட்டால், ஒளியின் இன்னொரு முகம் தெரிகிறது. மண்ணுக்கடியில் இருக்கிறோம் என்று அந்த முளை நினைத்துக்கொண்டிருக்கிறது. மேலே போனால் வெளிச்சம் வரும் என்று, இலை விரிக்காமல், பச்சையம் செய்யாமல், இருக்கிற சோற்றையெல்லாம் தண்டுக்கே போட்டு எக்குகிறது. யாராவது தினமும் கதவைத் திறந்து சில நிமிடம் வெளிச்சம் காட்டினால் போதும், முளைப்பாரியின் உருவம் மாறிவிடும்; தண்டு குட்டையாகும், கொக்கி போல வளைந்த நுனி நிமிரும், இலை விரியும். அந்தச் சில நிமிட வெளிச்சம் சாப்பாடாக ஒரு பருக்கைகூட இல்லை. அது ஒரு சேதி. மேலே வந்துவிட்டாய், இனி இலையை விரிக்கலாம் என்கிற சேதி.

செடிக்கு ஒளி சோறு, ஒளியே சேதியும்கூட. நான் படித்த கணக்குகளில் எல்லாம் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. சோறாக வாங்கினால் ஒளி தங்கம்போல விலை. சேதியாக வாங்கினால் தபால்தலை விலை.

ஓசூர்ப் பக்கம் இரவில் போகிறவர்கள் செவ்வந்தித் தோட்டத்தில் வரிசையாகப் பல்பு எரிவதைப் பார்த்திருக்கலாம். செடியை வளர்ப்பதற்கான ஒளி அதில் இல்லை. செவ்வந்தி, இரவு நீண்டால் மொட்டு வைக்கிற செடி. குளிர்நாடுகளில் கோடைப் பகல் பதினாறு மணி நேரம் நீளும். அப்போது அது நிம்மதியாக வளர்ந்து, இலையுதிர் காலத்தில் பூக்கும். தமிழ்நாட்டில் எந்த மாதத்திலும் பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடுவதில்லை. செவ்வந்தியின் கணக்கில் நமக்கு எப்போதும் நீண்ட இரவுதான். நட்ட கொஞ்ச நாளிலேயே, குட்டைச் செடியாக இருக்கும்போதே மொட்டுக்குப் போய்விடும். காம்பு நீளாது, பூவும் குறையும். அதனால் நட்டு முதல் சில வாரங்களுக்கு நடுராத்திரியில் நாலு மணி நேரம் விளக்குப் போட்டு இரவை இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். செடிக்கு அது இரண்டு குட்டை இரவு. பூக்கும் காலம் வரவில்லை என்று நம்பி வளர்ந்துகொண்டே போகும். உயரம் வந்ததும் விளக்கை நிறுத்தினால் எல்லாம் ஒன்றாக மொட்டு வைக்கும்.

செலவைப் பாருங்கள். மூன்று மீட்டருக்கு ஒன்றாக 9 வாட் எல்இடி என்றால் ஏக்கருக்கு நானூற்றைம்பது பல்பு. நாலு மணி நேரத்துக்குப் பதினாறு யூனிட். நூற்று முப்பது ரூபாய். அதே ஏக்கருக்கு வெயில் செய்ய ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆயிற்றே! தொள்ளாயிரம் மடங்கு வித்தியாசம். இதிலும் மிச்சம் பிடிக்கலாம். விளக்கு விடாமல் எரிய வேண்டியதில்லை. அரை மணிக்குப் பத்து நிமிடம் எரிந்து அணைந்தாலும் செவ்வந்திக்குச் சேதி போய்ச்சேரும். வியட்நாமின் பின் துவான் பகுதியில் டிராகன் பழத் தோட்டங்கள் இரவில் நகரம்போல மின்னுவதும் இதே வித்தைதான், திருப்பிப் போட்டது: அது நீண்ட பகலில் பூக்கிற கள்ளி, விளக்குப் போட்டால் பருவமில்லாத காலத்திலும் பூக்கும்.

இந்தச் சேதியைக் கண்டுபிடித்த கதை ஒரு புகையிலைச் செடியில் தொடங்குகிறது. அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர், கோடை முழுக்க வளர்ந்துகொண்டே போய்ப் பூக்க மறுத்த ஒரு புகையிலை ரகத்தை, மாலைகளில் இருட்டறைக்குள் தள்ளிப் பகலைக் குறைத்துப் பூக்கவைத்தார்கள். 1920இல் அதை வெளியிட்டார்கள். செடி நாளின் நீளத்தை அளக்கிறது என்பது அன்றைக்கு நம்ப முடியாத செய்தி. 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் இன்னொரு படி போனார்கள். அவர்கள் கையில் எடுத்தது மருளூமத்தை. நம் குளக்கரையிலும் தரிசிலும் முளைத்து, முள்காயை வேட்டியில் ஒட்டவைக்கிறதே, அந்தக் களை. நீண்ட இரவின் நடுவில் சில நிமிடம் விளக்கைக் காட்டினார்கள். பூக்க வேண்டிய செடி பூக்கவில்லை. பகலின் நடுவில் சில நிமிடம் இருட்டைக் காட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. செடி அளப்பது பகலை அல்ல, இரவை என்று தெரிந்தது. அந்த ஒளியை உணர்கிற நிறமிக்குப் பிற்காலத்தில் பைட்டோகுரோம் என்று பெயரிட்டார்கள். சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்குப் புரளும். சிவப்பைத் தாண்டி நம் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற தொலைச்சிவப்பு பட்டால் திரும்பப் புரளும். ஒரு தாழ்ப்பாள், இரண்டு நிலை. தாழ்ப்பாளை நகர்த்த எவ்வளவு பலம் வேண்டும்? கொஞ்சம்தான்.

திருவரங்குளம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரிச் சொச்சத்தில் இருக்கிறது. ஆனி மாதத்து நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மார்கழியின் குட்டைப் பகல் பதினொன்றரை. ஆண்டு முழுவதிலும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரந்தான். நமக்கு அது உறைப்பதே இல்லை. ஆனால் நீண்டகாலத் துவரைக்கு உறைக்கிறது. சித்திரை மழையை நம்பி முன்கூட்டியே விதைத்தாலும், ஆடிப்பட்டத்தில் விதைத்தாலும், இரவு நீள்கிற காலம் வரும்வரை அது பூக்காமல் காத்திருக்கும். சித்திரையில் விதைத்தது மரம்போல உயர்ந்து நின்று காத்திருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. நம் பாட்டன்மார் பட்டம் பார்த்து விதைத்தார்கள் என்றால், ஓரளவுக்கு அவர்கள் பைட்டோகுரோமைப் பார்த்து விதைத்தார்கள்.

இந்தப் பொறுமைதான் துவரை ஆராய்ச்சிக்குப் பெரிய தொல்லை. ஒரு புது ரகம் கொண்டுவரத் தலைமுறை தலைமுறையாக விதைத்து, பூக்கவைத்து, பொறுக்கி, மறுபடி விதைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு பூப்பு என்றால் ஒரு ரகத்துக்குப் பத்தாண்டுக்கு மேல் ஓடிவிடும். 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் கோதுமைக்கும் கொண்டைக்கடலைக்கும் தினம் இருபத்திரண்டு மணி நேரம் விளக்குப் போட்டு ஆண்டுக்கு ஆறு தலைமுறைவரை எடுக்கலாம் என்று காட்டினார்கள். துவரைக்கு அந்தச் சூத்திரம் செல்லாது, நீண்ட பகலைக் கண்டால் அது இன்னும் தள்ளிப்போடும். ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பகலின் நீளம், ஒளியின் நிறம், வெப்பம் மூன்றையும் துவரையின் மனதுக்கேற்ப மாற்றி, அதற்கென்று ஒரு விரைவு முறையை 2024இல் அறிவித்தது. பதின்மூன்று ஆண்டு வரை எடுக்கிற வேலையை ஐந்துக்குள் கொண்டுவரலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்த அறையில் வளர்கிற துவரையைக் கிலோக் கணக்கில் விலைபோட்டால் உளுந்தைவிட மோசமாக வரும். ஆயிரக்கணக்கான ரூபாய்க் கரண்ட்டில் கைப்பிடி விதை. ஆனால் அந்தக் கைப்பிடியைச் சாம்பாரில் போடப்போவதில்லை. அந்த விதைகளுக்குள் இருப்பதும் ஒருவகைச் சேதிதான்: எந்த நோயைத் தாங்குவது, எத்தனை நாளில் காய்ப்பது என்கிற சேதி. விளக்கின் காசு அந்தச் சேதிக்கு மட்டும் கட்டிய விலை. ஒன்று நூறாகி, நூறு லட்சமாகி, என்றைக்காவது ஓர் ஆடியில் அது வம்பன் பக்கத்துச் செம்மண் மானாவாரியில் விழும். அதற்குப் பிறகு ஏக்கருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று, காலை ஆறு மணிக்கெல்லாம் கிழக்கே வெயில் வரத் தொடங்கிவிடும்.